கண்ணிவெடி அகற்றக் கற்றுத் தரும் வெளிநாட்டுப் படையினர்: ஓர் எளிய அறிமுகம்

போர் ஓய்ந்த ஒரு நாட்டில் கண்ணிவெடிகளை அகற்ற வேறொரு நாட்டின் இராணுவம் உதவப் போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் நேரே வயலில் இறங்கி வெடிகளைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. வெளியிலிருந்து வருவது ஒரு சிறிய பயிற்சிக் குழு. அது உள்ளூர் இராணுவத்தினருக்கோ, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கோ சில வாரங்களோ மாதங்களோ பயிற்சி கொடுத்து, கருவிகளை ஒப்படைத்து, அவர்களுக்குள்ளேயே மேற்பார்வையாளர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. வெடி கிடக்கும் மண்ணில் மண்டியிட்டு வேலை செய்பவர் அந்த மண்ணைச் சேர்ந்தவராகவே இருக்கிறார்.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு, நடைமுறைக் காரணமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சட்டத் தொகுப்பில் ஆயுதப் படைகளைப் பற்றிய பத்தாம் தலைப்பின் 407-ஆம் பிரிவு, மனிதாபிமான உதவியாகக் கண்ணிவெடிப் பயிற்சி கொடுக்கச் செல்லும் அமெரிக்கப் படையினர் கண்ணிவெடிகளைத் தாங்களே தேடவோ, தூக்கவோ, அழிக்கவோ கூடாது என்று தடை விதிக்கிறது. அமெரிக்காவின் சொந்த இராணுவ நடவடிக்கையின் பகுதியாக அது நடந்தால் மட்டுமே விலக்கு. ஆகவே அமெரிக்கப் பயிற்சியாளர் ஒருவர் கற்றுத் தரலாம், அருகிலிருந்து கவனிக்கலாம், திருத்தலாம்; உண்மையான கண்ணிவெடி வயலுக்குள் அவர் வேலை செய்ய இயலாது. இத்தகைய பயிற்சியாளர்களைத் தயார் செய்வதற்கென்றே அந்நாடு மிசூரி மாநிலத்தின் ஃபோர்ட் லெனார்ட் வுட் முகாமில் 1996-இல் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கியது. பின்னர் அது வர்ஜீனியாவுக்கு இடம் மாறியது.

நடைமுறைக் காரணம் சட்டத்தைவிட வலுவானது. கண்ணிவெடி அகற்றல் ஓரிரு ஆண்டுகளில் முடிகிற வேலையன்று. பல நாடுகளில் அது இருபது, முப்பது ஆண்டுகள் நீள்கிறது. அவ்வளவு காலம் எந்த வெளிநாட்டுப் படையும் இன்னொரு நாட்டில் தங்கி இதைச் செய்யாது. தங்க வேண்டும் என்று அந்த நாட்டு மக்கள் விரும்புவார்கள் என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சிப்பாய் ஒருவரை அனுப்பி, தங்கவைத்து, பாதுகாக்க ஆகும் செலவில் உள்ளூரில் பலருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஒழுங்கையில் எந்த ஆண்டில் யார் காலை இழந்தார், எந்தப் பனங்காணிக்குள் மாடு செத்தது என்பதை ஊராரிடம் கேட்டு அறியும் மொழியும் உறவும் உள்ளூர்க்காரருக்கே உண்டு. கண்ணிவெடி வயலின் எல்லையைத் தீர்மானிப்பதில் இந்த விவரங்களுக்கு இருக்கும் மதிப்பு எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று.

இங்கே புதிதாகப் படிப்பவருக்கு ஒரு கேள்வி எழலாம்: இராணுவத்தினருக்குக் கண்ணிவெடி அகற்றத் தெரியாதா, அவர்களுக்கு எதற்குப் பயிற்சி? போர்க்களத்தில் ஒரு படை கண்ணிவெடி வயலைச் சந்திக்கும்போது அதன் நோக்கம் வேகமாக ஒரு பாதையைத் திறந்து அப்பால் போவதுதான். அந்தக் குறுகிய பாதைக்கு இருபுறமும் வெடிகள் அப்படியே கிடக்கும். பாதைக்குள்ளும் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம் என்பதைத் தளபதி ஏற்றுக்கொண்டுதான் நகர்கிறார். மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே குறிக்கப்பட்ட நிலம் முழுவதிலும், குறிக்கப்பட்ட ஆழம் வரை, எல்லா வெடிகளும் நீக்கப்பட்டாக வேண்டும். ஏனென்றால் அடுத்த நாள் அங்கே குழந்தை ஓடும், உழவர் கலப்பையை ஊன்றுவார். எனவே அனுபவமுள்ள பொறியியல் படை வீரரும் வேகத்தை மறந்து, பொறுமையை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. பயிற்சி கொடுக்க வரும் இராணுவத்தினருக்கும் இது பொருந்தும். போர்முறைக் கண்ணிவெடி நீக்கத்தில் மட்டும் தேர்ந்தவர்கள் மனிதாபிமானப் பயிற்சிக்குத் தகுதியானவர்கள் ஆகிவிடுவதில்லை.

பயிற்சிக் களத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வெடிமருந்து இல்லாத போலிக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட ஒரு நிலத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்படுகிறது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் கணிசமான தூரம் விடப்படுகிறது. ஒருவரிடம் வெடித்தால் இன்னொருவர் காயப்படக் கூடாது என்பதே காரணம். முகத்தை முழுவதுமாக மூடும், ஊடே பார்க்கக்கூடிய தடித்த பிளாஸ்டிக் கவசமும் மார்பிலிருந்து தொடை வரை மறைக்கும் பாதுகாப்பு உடையும் அணிந்து, பாதையின் குறுக்கே வைத்த ஒரு கோலுக்குப் பின்னால் அவர் மண்டியிடுகிறார். அந்தக் கோலுக்கு முன்னால் உள்ளது ஆபத்தான நிலம், பின்னால் உள்ளது பார்த்து முடித்த நிலம். கோலைத் தாண்டிக் கையோ முழங்காலோ ஊன்றுவது பயிற்சியில் மிகக் கடுமையாகக் கண்டிக்கப்படும் பிழை.

முதலில் மெல்லிய கம்பி ஒன்றைப் புல்லுக்கடியில் நீட்டி, மிக மெதுவாக மேலே உயர்த்தி, இழுபட்டால் வெடியைத் தூண்டும் இழுகம்பி எதுவும் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார். தட்டுப்பட்டால் அதை இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். பிறகு புல்லையும் செடியையும் கத்தரித்து, துண்டுகளைப் பின்னால் போட்டு, மெட்டல் டிடெக்டரைத் தரையோடு தரையாக இடமும் வலமும் பாதையின் ஓரத்தைத் தாண்டிச் சற்று வெளியேயும் செல்லும்படி நகர்த்துகிறார். ஒலி கேட்டால் அந்த இடம் குறிக்கப்படுகிறது. குறிக்கு நேர் மேலே தோண்டக் கூடாது. மிதிவெடி மேலிருந்து வரும் அழுத்தத்தில் வெடிக்கும்படி அமைந்தது. அதனால் குறிக்குச் சற்று முன்பாகத் தொடங்கி, தரைக்கு ஏறத்தாழ முப்பது பாகை சாய்வில் மண்ணைத் துழாவும் கூரிய கம்பியைச் செலுத்தி, வெடியின் பக்கவாட்டைத் தொடும் வரை மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றுகிறார். வெடியின் ஒரு பக்கம் தெரிந்ததும் அவருடைய வேலை முடிந்துவிட்டது. அதைத் தூக்கக் கூடாது. அடியில் இன்னொரு பொறி இருக்கலாம். பொதுவாக அந்த இடத்திலேயே சிறு வெடிமருந்து வைத்து அழிப்பார்கள். தொண்ணூற்றொன்பது முறை அந்த ஒலி ஓர் ஆணிக்காகவோ, தோட்டாவின் வெற்று உறைக்காகவோ, தகரத் துண்டுக்காகவோ எழுந்திருந்தாலும், நூறாவது முறையும் அதே ஒழுங்கில் அதே நிதானத்தில் தோண்ட வேண்டும். கைத்திறன் சில வாரங்களில் வந்துவிடும். இந்த மன ஒழுக்கத்தைப் பழக்குவதற்குத்தான் நல்ல பயிற்சியாளர் தம் நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறார்.

காயப்பட்டவரை மீட்கும் ஒத்திகையும் இதே அளவு முக்கியமானது. கூட வேலை செய்யும் ஒருவர் வெடியில் சிக்கி அலறும்போது ஓடிப்போய்த் தூக்குவதே மனித இயல்பு. பயிற்சி அந்த இயல்பைத் தடுத்து நிறுத்துகிறது. எல்லோரும் இருந்த இடத்தில் நிற்க வேண்டும், மேற்பார்வையாளர் பாதுகாப்பான வழியை உறுதி செய்ய வேண்டும், தேவைப்பட்டால் காயப்பட்டவர் கிடக்கும் இடம் வரை கண்ணிவெடி தேடியபடியே செல்ல வேண்டும், அதன் பின்னரே மருத்துவ உதவியாளர் அவரை நெருங்க வேண்டும். வெளிநாட்டு இராணுவப் பயிற்சிக் குழுக்களில் மருத்துவப் பிரிவினரும் சேர்க்கப்படுவது இதனால்தான்.

இவையெல்லாம் இன்று ஐக்கிய நாடுகள் அமைப்பு வெளியிடும் சர்வதேசக் கண்ணிவெடிச் செயற்பாட்டுத் தரங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. வெடிபொருள் அழிப்போருக்கு ஒன்று முதல் மூன்று வரையும் அதற்கு மேலும் தகுதி நிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலையில் இருப்பவர் கண்டெடுத்த ஒரு வெடிபொருளை அது கிடக்கும் இடத்திலேயே அழிக்கலாம். மேல் நிலைகளுக்குப் போகப் போகத்தான் அதை நகர்த்தவும், பலவற்றைச் சேர்த்து அழிக்கவும், பெரிய குண்டுகளைக் கையாளவும் அனுமதி கிடைக்கும். ஆனால் இந்தத் தரங்கள் வருவதற்கு முன்பே ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதில் கிடைத்த பாடம்தான், என் பார்வையில், இந்தத் துறையின் அடித்தளம்.

1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு முழுமையாக வெளியேறின. பாகிஸ்தானில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானிய அகதிகள் இருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போக வேண்டிய வயல்களிலும் வாய்க்கால்களிலும் வழிகளிலும் கண்ணிவெடிகள் கிடந்தன. இளவரசர் சத்ருதீன் ஆகா கான் ஒருங்கிணைத்த ஐ.நா. உதவித் திட்டத்தின் கீழ் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி, நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளின் இராணுவப் பயிற்சியாளர்கள் பெஷாவர், குவெட்டா பகுதிகளுக்கு வந்து, அகதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்குக் கண்ணிவெடி அகற்றும் அடிப்படைப் பயிற்சி கொடுத்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கண்ணிவெடி பற்றிய விழிப்புணர்வு வகுப்புகள் நடந்தன. பெண்களுக்கான வகுப்புகளைப் பெண் படையினர் எடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் தம் ஊருக்குத் திரும்பித் தம் நிலத்தைத் தாமே சுத்தம் செய்துகொள்வார் என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணம் கைகொடுக்கவில்லை. திரும்பிப் போனவரிடம் போதிய கருவி இல்லை. அவரைக் கவனிக்க மேற்பார்வையாளர் இல்லை. காயப்பட்டால் தூக்கிச் செல்ல வாகனம் இல்லை. அவர் பார்த்து முடித்த நிலம் உண்மையில் பாதுகாப்பானதுதானா என்று சரிபார்க்க எவரும் இல்லை. குடும்பத்தைக் காப்பாற்றச் சம்பளமும் இல்லை. பயிற்றுவித்தவர்களோ எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் இருந்தார்கள். பயிற்சியில் குறை இருந்ததாக நான் கருதவில்லை. பயிற்சி முடிந்த மறுநாளைப் பற்றி யாரும் போதிய அளவு யோசிக்கவில்லை. இதை உணர்ந்த பிறகே பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஆப்கானியர்களே நடத்தும் தொண்டு நிறுவனங்கள் 1990-ஐ ஒட்டி உருவாக்கப்பட்டன. குழு, குழுத் தலைவர், மருத்துவ உதவியாளர், வாகனம், கருவி பராமரிப்பு, மாதச் சம்பளம், வெளிச் சரிபார்ப்பு என்ற அமைப்பு வந்தது. அந்த நிறுவனங்கள் அதன் பின் வந்த உள்நாட்டுப் போரையும், ஆட்சி மாற்றங்களையும் தாண்டி வேலை செய்தன. உலகின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் இன்று இருக்கும் வடிவத்தை எடுத்தது பெரிதும் அங்கேதான்.

கம்போடியா இந்தப் பாடத்தைக் கொஞ்சம் முன்னதாகவே கடைப்பிடித்தது. 1991 பாரிஸ் சமாதான உடன்பாட்டுக்குப் பின் அங்கே வந்த ஐ.நா. இடைக்கால நிர்வாகத்தின் இராணுவப் பொறியாளர்கள் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதே, 1992-இல் கம்போடியக் கண்ணிவெடிச் செயற்பாட்டு மையம் என்ற தேசிய அமைப்பும் உருவாக்கப்பட்டது. ஐ.நா. படை 1993-இல் வெளியேறியதும் பல நாடுகளின் இராணுவ வல்லுநர்கள் அந்த மையத்தில் ஆலோசகர்களாகத் தங்கினார்கள். கட்டளையிடும் இடத்திலிருந்து ஆலோசனை கூறும் இடத்துக்குப் படிப்படியாக நகர்ந்தார்கள். 2006 முதல் கம்போடியா தன் கண்ணிவெடி அகற்றும் படையினரைச் சூடான் முதலிய நாடுகளுக்கு ஐ.நா. அமைதிப் பணிக்காக அனுப்பிவருகிறது. 2023 தொடக்கத்தில் உக்ரைனிலிருந்து வந்த கண்ணிவெடி அகற்றுவோருக்கு, ஜப்பானின் உதவியுடன், கம்போடியர்களே பயிற்சி கொடுத்தார்கள்.

இலங்கைக்கு வருவோம். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தான சில வாரங்களில், ஏப்ரலில், அமெரிக்க நிதியில் இயங்கிய விரைவுக் கண்ணிவெடி அகற்றும் படை ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அதில் இருந்தவர்கள் மொசாம்பிக் நாட்டவர்கள். 1992 சமாதான உடன்பாட்டுக்குப் பின் தம் சொந்த நாட்டில் வெளிநாட்டவரிடம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட ஆப்பிரிக்க மக்கள், பத்து ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மண்ணில் வேலை செய்ய வந்தார்கள் என்பது நம் நினைவில் இருக்க வேண்டிய செய்தி. அவசர வேலையை அவர்கள் கவனித்துக்கொள்ள, அமெரிக்க உதவியுடன் இலங்கை இராணுவத்தின் பொறியியல் பிரிவினருக்கு மனிதாபிமான முறையில் கண்ணிவெடி அகற்றும் பயிற்சியும் தொடங்கியது. பின்னாளில் தெற்கே எம்பிலிப்பிட்டியவிலுள்ள இராணுவப் பொறியியல் பள்ளிக்கும் அமெரிக்க வெடிபொருள் வல்லுநர்கள் வந்து பயிற்சியளித்தார்கள். இந்தியா வேறு வழியில் உதவியது: தன் இராணுவத்தின் பொறியியல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பணியாற்றும் நிறுவனங்களின் குழுக்களை இந்திய அரசின் செலவில் வடக்கே அனுப்பியது.

இராணுவத்துக்கு வெளியிலும் ஆள் திரட்டல் நடந்தது. ஹலோ டிரஸ்ட், நார்வே மக்கள் உதவி அமைப்பு, மாக் ஆகிய கண்ணிவெடி அகற்றும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் தமிழ் இளைஞர்களையும் பின்னர் பெருமளவில் பெண்களையும் வேலைக்கு எடுத்துப் பயிற்றுவித்தன. இவ்வகை அமைப்புகளின் வெளிநாட்டுத் தொழில்நுட்ப மேலாளர்களில் பலர் முன்னாள் இராணுவத்தினர். இராணுவ அறிவு சீருடை இல்லாமலும் கைமாறுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. போரில் கணவரை இழந்த பெண்கள் பலர், குடும்பத்துக்கு ஒரே வருமானமாக, வடக்கே உள்ள முகமாலையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.

முகமாலையில்தான் வெளிநாட்டுப் பாடநூலின் எல்லையும் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் இரு தரப்பும் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட முன்னரங்கு அது. மண்ணில் எறிகணைச் சிதறலும் தோட்டா உறையும் நிறைந்திருந்ததால் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் ஒலித்தது. கிடந்த வெடிகளோ பெரும்பாலும் உலோகம் மிகக் குறைவாக உள்ள பி-4 வகைப் பிளாஸ்டிக் மிதிவெடிகளும், மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடிகளும். இத்தகைய நிலத்துக்கென்று இலங்கையிலேயே, நார்வே மக்கள் உதவி அமைப்பின் பணியில், வேறொரு முறை வளர்த்தெடுக்கப்பட்டது. ஒரு கனத்த வாரியால் மண்ணைத் தளர்த்தி, இன்னொரு மெல்லிய வாரியால் அதைத் தம்பக்கம் இழுத்து, மேல் மண் முழுவதையும் அடுக்கடுக்காக நீக்கிக்கொண்டே முன்னேறுவது அந்த முறை. மண் பக்கவாட்டில் சரிந்து வருவதால் வெடியின் மேல் அழுத்தம் விழுவது குறைகிறது. பெரும்பாலான வெடிகள் ஆழமின்றிக் கிடந்ததால் முறை பலித்தது. கண்ணிவெடி வயலில் வாரியால் வாருவது இராணுவப் பாடத்தில் பழகியவருக்கு முதலில் அதிர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அடிப்படையை நன்றாகக் கற்றுக்கொண்ட உள்ளூர்க் குழுவே தன் மண்ணுக்கேற்ற முறையைப் பழகிக்கொள்ள முடியும். வந்து போகிற பயிற்சிக் குழுவால் அதைக் கையில் கொடுத்துவிட முடியாது.

இதில் மறைக்கக் கூடாத சிக்கல் ஒன்று உண்டு. வெளிநாட்டு இராணுவம் பெரும்பாலும் உள்ளூர் இராணுவத்துக்கே பயிற்சி கொடுக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த நாட்டில் அந்த இராணுவம் போரின் ஒரு தரப்பு; கண்ணிவெடிகளைப் புதைத்தவர்களிலும் ஒருவர். அது புதைத்த வயல்களின் வரைபடங்கள் அதனிடம் இருப்பது பெரிய உதவிதான். எனினும் காணியிழந்து காத்திருக்கும் மக்கள், சீருடையினர் வேலியடித்து நிற்கும் நிலத்தைப் பார்த்து, இது நமக்குத் திரும்பி வருமா என்று அஞ்சுவதற்கு நியாயம் உண்டு. வெடிபொருள் அறிவு போருக்கும் பயன்படக்கூடியது என்பதும் உண்மை. ஆகவே எந்த நிலத்தை முதலில் சுத்தம் செய்வது, யாருடைய வேலையை யார் சரிபார்ப்பது, முடிந்த நிலத்தை உரியவரிடம் எப்போது ஒப்படைப்பது ஆகிய முடிவுகள் இராணுவத்தின் கையில் இல்லாமல் குடிசார் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இலங்கையில் தேசியக் கண்ணிவெடிச் செயற்பாட்டு மையம் கொழும்பிலும் அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலும் இயங்குகின்றன. இராணுவப் பிரிவும் தொண்டு நிறுவனங்களும் ஒரே தரத்தின் கீழ் வேலை செய்ய இது வழிசெய்கிறது.

மத்திய அமெரிக்காவில் இச்சிக்கல் வேறு வகையில் கையாளப்பட்டது. நிகராகுவா, ஹோண்டுராஸ் போன்ற நாடுகளில் வெடிகளை அகற்றியவர்கள் அந்தந்த நாட்டு இராணுவத்தினர். ஆனால் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஏற்பாட்டில் பிரேசில் முதலிய பிற இலத்தீன் அமெரிக்க நாடுகளின் அதிகாரிகள் நீண்ட காலம் உடனிருந்து பயிற்சியளித்துக் கண்காணித்தார்கள். மொழித் தடை குறைவாக இருந்தது, கண்காணிப்பும் இடையறாது இருந்தது. 2010-இல் நிகராகுவா தன் பணியை முடித்தது.

1997-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1999-இல் நடைமுறைக்கு வந்த, மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு, உதவி கேட்பதை உறுப்பு நாட்டின் உரிமையாகவும், இயன்ற நாடு உதவுவதைக் கடமையாகவும் வைத்திருக்கிறது. 2017 டிசம்பரில் அதில் சேர்ந்த இலங்கைக்கு, தன் நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க 2028 ஜூன் வரை காலம் உண்டு. கெடுவுக்குள் அறிந்த வயல்கள் எல்லாம் முடிக்கப்பட்டாலும், கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதும் தனி வெடிகள் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும். அப்போது நன்கொடை நாடுகளின் நிதியும் பெரிய குழுக்களும் இருக்காது. தகவல் கிடைத்ததும் புறப்பட்டு வரக்கூடிய, சம்பளமும் கருவியும் புதுப்பித்த பயிற்சியும் உள்ள ஒரு சிறிய உள்ளூர் அணி தேவைப்படும். 2010-இல் தொடங்கிய டாஷ், 2016-இல் தொடங்கிய ஷார்ப் ஆகிய இரு இலங்கை நிறுவனங்களிலும், இராணுவத்தின் மனிதாபிமானப் பிரிவிலும் அதற்கான ஆட்கள் இப்போதே இருக்கிறார்கள். அவர்களில் யாரை, எந்த நிதியில், எந்த நிர்வாகத்தின் கீழ் நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்பதைக் கெடு முடிவதற்குள் தீர்மானித்தாக வேண்டும்.